ஹைரம் கோல்பியின் கால்கள்

அடுப்பிலிருந்து எடுத்த செங்கல்லைக் கம்பளித் துணியில் சுற்றி, மார்போடு அணைத்தபடி லவீனா மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள். கீழே சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்த ஹெப்ஸி அத்தை, வந்த வேகத்திலேயே பேச்சையும் தொடங்கிவிட்டாள்.

"லவீனா! கஸ்டர்ட் கொண்டாந்திருக்கேன். மேலயா இருக்க? ராத்திரி எப்படி இருந்தாரு? இருமல் சத்தமே கேக்கலியே. நான் ஜன்னலத் தெறந்துகூடப் பாத்தேன்."

மார்ச் மாதக் குளிரில், பக்கத்து வீட்டு இருமலைக் கேட்பதற்காக ஜன்னலைத் திறந்துவைக்கும் மனுஷி எங்கள் ஆல்டர் க்ரீக்கிலேயே அவள் ஒருத்திதான். சொல்லப்போனால் மற்றவர்கள் திறக்க வேண்டிய அவசியமில்லை. அவளைக் கேட்டால் போதும்.

"இதோ வர்றேன் அத்தை" என்றாள் லவீனா.

அறைக்குள் போய்ப் போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினாள். இரவு வைத்த செங்கல் ஆறிக் கிடந்தது. அதை எடுக்கக் கையை விட்டபோது அப்பாவின் பாதம் பட்டது. அந்தப் பாதங்கள் என்றைக்குமே குளிர்ந்தவைதான். ஆனால் இது வேறு குளிர். நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஆட்சேபணை சொல்ல எழுந்திருக்கப் போகிறவர்போல அவர் வாய் பாதி திறந்திருந்தது.

அவளும் வாயைத் திறந்தாள். 'அத்தை' என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கீழே ஹெப்ஸி பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். லவீனா வாயை மூடிக்கொண்டாள். பிறகு அப்பாவின் வாயையும் மூடினாள். அவருடைய சாம்பல் நிறக் கழுத்துக்குட்டையை எடுத்து, தொண்டை கட்டியவருக்குச் சுற்றுவதுபோல் தாடையைத் தாங்கிச் சுற்றினாள். கட்டை விரலால் இமைகளை இறக்கினாள். புதுச் செங்கல்லைக் கால்மாட்டில் வைத்துப் போர்வையைச் செருகினாள். தலை கலைந்திருந்தது. சீப்பை எடுத்து வாரிவிட்டாள். அழுகை வந்தது. ஆறிப்போன செங்கல்லை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு அதை உள்ளேயே நிறுத்தினாள்.

கீழே வந்து, "அப்பா தூங்குறாரு" என்றாள்.

ஹெப்ஸியின் கையில் இருந்த கரண்டி நின்றது. ஒரு கணம்தான். பிறகு மறுபடி கலக்கத் தொடங்கினாள்.

ஏன் நின்றது என்று தெரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஹைரம் கோல்பியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சுருக்கமாகச் சொல்லமாட்டார்கள். அவரே எதையும் சுருக்கமாகச் சொன்னதில்லை. வக்கீல். ஒரு பன்றி யார் வேலிக்குள் குட்டி போட்டது என்ற வழக்கை வருஷக்கணக்கில் நடத்தியவர். தீர்ப்பு வந்தபோது தாயும் குட்டிகளும் உப்புக்கண்டமாகி, வாதி வீட்டிலும் பிரதிவாதி வீட்டிலும் தீர்ந்துபோயிருந்தன. அவர் வாதாட எழுந்தால் ஜூரிகள் பூட்ஸின் முடிச்சைத் தளர்த்திக்கொள்வார்கள். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள் லவீனாதான். அவளை நேதன் ஹோவ் என்ற மெலிந்த பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். யுத்தத்தில் நெஞ்சுச்சளி வாங்கி வந்தவன் அவன். எஃபி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது.

நேதன், தான் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும் உயில் எழுத மாமனாரிடமே வந்தான். நிலம், குதிரை, கலப்பை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், குழந்தைக்குக் காப்பாளர் தன் அண்ணன் லூதர் என்றான். எங்கள் மாநிலத்தில் அப்போது அதுதான் சட்டம். சாகிற தகப்பன், பெற்ற தாயை விட்டுவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் குழந்தையை எழுதிவைக்கலாம். கோல்பி வீட்டில் நாவல் படிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சிரிக்கிறார்கள் என்பது ஹோவ்களின் குறை. ஹைரம் மன்றாடிப் பார்த்தார். நேதன் மசியவில்லை. கடைசியில் ஹைரமே தன் கையால் எழுதினார். கட்சிக்காரன் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது, தன் மகளிடம்கூட. அன்று இரவு மகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், ஆப்பிள் பை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

நேதன் இறந்து, கோர்ட்டில் உயிலை வாசித்தபோதுதான் லவீனாவுக்குத் தெரிந்தது. அப்பாவின் கையெழுத்தை இந்த ஜில்லாவில் தெரியாதவர் உண்டா? லூதர் வண்டியோடு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். லவீனாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்பா வீட்டுக்கே வந்தாள். சமைத்தாள், சட்டைக்குக் கஞ்சி போட்டாள், ராத்திரி தவறாமல் காலுக்குச் சூடான செங்கல் வைத்தாள். ஆனால் அந்த நாளிலிருந்து அவள் வாயில் 'அப்பா' என்ற சொல் வந்ததில்லை. வெளியாட்களிடம் 'அவர்' என்பாள். அவரிடம் 'சாப்பாடு ஆச்சு' என்பாள்.

ஹைரம் அந்த வயதில் மாநில மேல்சபைக்கு நின்றார். எங்களில் பாதிப் பேர் சிரித்தோம்; ஆனாலும் ஜெயித்தார். பாலம் கேட்கவில்லை, ரயில்வேக்காரர்களிடம் விருந்து சாப்பிடவில்லை, ஒரே ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். தகப்பன் போனால் குழந்தைக்குக் காப்பாளர் தாய்தான். முன்பே பறிகொடுத்த தாய்மாரும் நீதிபதியிடம் போய்த் திரும்பக் கேட்கலாம். மூன்று கூட்டத்தொடர் தோற்றார். நான்காவதில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணக்கு வந்த நேரத்தில், சுவாசப்பை வீங்கிப் படுக்கையில் விழுந்தார்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நோயில் விழுந்தால், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அவருக்காகத் தானும் ஓட்டுப் போடாமல் விலகி நிற்கலாம். ஜோடி கட்டுவது என்பார்கள். எழுத்து கிடையாது, வெறும் வாய்ச்சொல். படுத்திருப்பவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் அது நிற்கும்; செத்தால் அறுந்துபோகும். ஹைரமுக்கு ஜோடி கட்டியவர் அமாசா ரட். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வக்கீல், அசல் டெமாக்ரட், இந்த மசோதாவைச் சபையில் கிழித்துத் தொங்கப்போட்டவர்.

ஓட்டெடுப்பு இன்று மாலை. கூட்டத்தொடரின் கடைசி நாள். மத்தியான ரயிலைப் பிடித்தால் ரட் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போடலாம். போட்டால் இரு பக்கமும் சமமாகி மசோதா விழுந்துவிடும். ஹைரம் செத்தார் என்று தெரிந்தால் ஹெப்ஸி படியிறங்குவாள், கோயில்காரர் மணிக்கயிற்றைப் பிடிப்பார். செத்தவரின் வயதுக்கு ஒன்றாக எண்ணி அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அத்தனை அடியும் ஆற்றைத் தாண்டிக் கேட்கும்.

அதனால் லவீனா சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தவில்லை. கண்ணாடிக்குத் துணி போடவில்லை. கதவில் கறுப்பு நாடா கட்டவில்லை. உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

"டாக்டர் வருவாரா இன்னைக்கு?" என்று ஹெப்ஸி கேட்டாள்.

"மேல்கரையில பிரசவமாம். நாளைக்குத்தான்."

"நல்லதாப் போச்சு. அந்த ஆளு வந்தா ஒரு பாட்டில் கசாயம், ஒரு மூட்டை பயம் ரெண்டையும் குடுத்துட்டுப் போவாரு." ஹெப்ஸி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள். "உருளைக்கிழங்க ரொம்பச் செதுக்குறே. தோலவிட உள்ள இருக்கறது கம்மியாயிருச்சு பாரு."

லவீனா கத்தியைக் கீழே வைத்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

முன்வாசலில் ஏற்கெனவே நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். நோயாளியைப் பார்க்க என்று பெயர். உண்மையில் ஓட்டு என்னவாகும் என்று பார்க்கத்தான். பாலத்தைத் தாண்டி வந்த வண்டியில் அமாசா ரட் உட்கார்ந்திருந்தார்; பீப்பாய் உடம்பு, நரைத்த கிருதா. கடிவாளம் பிடித்திருந்தவன் கிம்பல். டெமாக்ரட் கட்சியில் ஓடியாடி வேலை பார்க்கும் இளவட்டம். ஹைரமின் மூச்சு நின்றால் ரட்டை அள்ளி ரயிலில் போடுவதற்கென்றே கட்சி அவனை அனுப்பியிருந்தது. அதை அவன் மறைக்கக்கூட இல்லை.

"கிழவர் எப்படி இருக்காரு?" என்று வண்டியில் இருந்தபடியே எங்களைக் கேட்டான்.

"நீ ஆசைப்படற மாதிரி இல்ல" என்றாள் தபால்காரர் மனைவி.

லவீனா கதவை மறித்து நின்றாள். சின்ன வயதில் ரட்டை 'அமாசா மாமா' என்று கூப்பிட்டு, பையில் மிட்டாய் தேடியவள்தான். மசோதா வந்த பிறகு அவர் மிஸ்டர் ரட் ஆகிவிட்டார்.

"தூங்குறாரு, மிஸ்டர் ரட். எழுப்ப வேண்டாம்."

"எழுப்பமாட்டேன்மா. பக்கத்துல உக்காந்துட்டுப் போறேன்."

"ராத்திரி பூரா தூங்கல. இப்பத்தான்…"

"அவன் தூங்கி நான் பார்க்காததா?" என்றபடி ரட் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். தொப்பியை வாங்கியதால் வழியை விட வேண்டியதாகிவிட்டது. அவர் கனத்த காலடியோடு மாடி ஏறினார். பின்னாலேயே கிம்பல். அவனுக்குப் பின்னால் லவீனா, தொப்பியைக் கசக்கியபடி.

அந்தக் காலத்து வக்கீல்கள் நீதிபதியின் பின்னால் ஊர் ஊராகப் போய் வழக்காடுவார்கள். சத்திரங்களில் இடம் போதாது. இரண்டு பேருக்கு ஒரு கட்டில். பகலெல்லாம் ஒருவரையொருவர் பொய்யன் என்று கூவிவிட்டு, ராத்திரி ஒரே போர்வைக்குள் படுத்துக்கொள்வார்கள். ஹைரமும் ரட்டும் அப்படி எத்தனையோ குளிர்காலம் படுத்தவர்கள். ஹைரம் கோல்பியின் கால் தன் முதுகில் பட்டால் செத்த மீன் பட்டதுபோல இருக்கும் என்று ரட் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். அவருடைய தேர்தல் பேச்சுகளில் உண்மையானது அது ஒன்றுதான் என்பார் ஹைரம்.

அறை வாசலில் கிம்பல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். ரட் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது. கொஞ்ச நேரம் ஹைரமின் முகத்தையே பார்த்தார்; கழுத்துக்குட்டையைப் பார்த்தார், வாரிவிட்ட தலையைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் செய்வதுபோலப் போர்வைக்குள் கையை விட்டார்.

லவீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். எஃபியின் முகம் மனசில் வந்தது. சந்தையில் கடைசியாகப் பார்த்தபோது, நெற்றித் தோல் பளபளக்கும்படி இறுக்கிப் பின்னிய சடையோடு, அந்தக் குழந்தை பாவாடையைப் பிடித்து மரியாதையாகக் குனிந்து, "குட் மார்னிங், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

ரட்டின் கை உள்ளே அப்படியே நின்றது. வெளியே வரவில்லை. அவர் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.

"என்ன சார்?" என்றான் கிம்பல்.

"என்னன்னா கேக்குற?" ரட்டின் குரல் கீழே வாசலில் நின்ற எங்களுக்கே கேட்டது. "கொதிக்கிற செங்கல்ல கால்கிட்ட வெச்சிருக்கா இந்தப் பொண்ணு. இவன் காலு சூடேறலியே! இத்தனை வருஷமா இதே கதைதான். செத்த மீனு."

"நினைவு இருக்குதா அவருக்கு?"

"தம்பி, இந்த ஆளு கண்ண மூடிட்டு இருக்கான்னு நம்பி நான் எத்தனை கேஸ் தோத்திருக்கேன் தெரியுமா?"

"ரயிலு…"

"ரயிலு அதுபாட்டுக்குப் போகும். நீயும் கூடப் போறதுன்னாப் போ. இவன நடுப்பேச்சுல விட்டுட்டு எழுந்து போனா என்னை விடமாட்டான். கதவச் சாத்திட்டுப் போ, குளிர் வருது."

கிம்பல் லவீனாவைப் பார்த்தான். லவீனா தொப்பியைப் பார்த்தாள். அவன் படியிறங்கிப் போய் வண்டிப் பக்கத்தில் நின்று புகையிலையைக் கடித்துக்கொண்டான். போகவில்லை.

கதவு சாத்தியதும் ரட் போர்வையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் ரட்" என்றாள் லவீனா. உதடு கோணியது. "அப்பா…"

"சொல்லாதே."

அவள் நிறுத்தினாள்.

"நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நான் கீழ போய் அந்தப் பயலோட வண்டில ஏறணும். குடுத்த வாக்கு அவ்வளவுதான்." அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "டாக்டர் வந்து சொல்லல. மணி அடிக்கல. சாட்சி இல்லாம நான் எதையும் ஒத்துக்கிட்டதில்ல."

"உங்களுக்கு இந்தச் சட்டம் பிடிக்காதே."

"இப்பவும் பிடிக்கல. ஒரு வீட்ல ரெண்டு எஜமான் இருந்தா உருப்படாது. நாளைக்கும் இதையேதான் சொல்வேன்."

லவீனா சுவரோடு சாய்ந்து நின்றாள். கீழே அந்தக் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. நின்றிருக்க வேண்டிய கடிகாரம்.

"தெரிஞ்சதச் சொல்லாம இருக்கறது வக்கீலுங்களுக்கு ரொம்ப சுலபம்" என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் அந்த வீட்டில் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

ரட் திரும்பி அவளைப் பார்த்தார். "சுலபம்தான்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஒரு ஜனவரியில இவன் ஆத்தைத் தாண்டி என் ஆபீசுக்கு நடந்து வந்தான். ஆறு உறைஞ்சு கெடந்துது. குதிரைய தன் ஆபீஸ் வாசல்லயே மறந்துட்டு வந்திருக்கான். வந்து பூட்ஸக் கழட்டிட்டு ஸ்டவ் பக்கத்துல உக்காந்தான். காலு ரெண்டும் நீலம். ஏன்டா வந்தேன்னு கேட்டேன். பதில் இல்ல. இவன் வாயில பதில் இல்லாம நான் பார்த்ததே அன்னைக்குத்தான்."

லவீனா நிமிர்ந்தாள்.

"பொழுது சாய்ற வரைக்கும் உக்காந்திருந்தான். அப்புறம் பூட்ஸ மாட்டிக்கிட்டு, 'பொண்ணு வீட்டுக்குப் போகணும், ஆப்பிள் பை பண்றேன்னு சொல்லியிருக்கா'ன்னான். அவ்வளவுதான். எதுக்கு வந்தான்னு உன் வீட்டுக்காரர் உயில வாசிச்ச அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

அவள் தொப்பியை நாற்காலியில் வைத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முந்தின இரவு அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளைக்குச் செய்தி வந்ததும் என்கிட்ட சொல்லு" என்றார். அவள் "சரி" என்றாள். அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு சொல்லையும் எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு என்றுதான் வைத்திருந்தாள்.

மத்தியானம் ஹெப்ஸி தட்டில் இரண்டு கிண்ணம் சூப்போடு மேலே வந்தாள். லவீனா கதவிடுக்கிலேயே தட்டை வாங்கிக்கொண்டாள்.

"ரட்டுக்கு ஒண்ணு, உங்க அப்பாவுக்கு ஒண்ணு. டர்னிப் போட்டது. நானே ஊட்டட்டுமா?"

"வேண்டாம் அத்தை. நான் பார்த்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. ரட் தன் கிண்ணத்தைக் குடித்தார். பிறகு மற்றதையும் எடுத்தார். ஒரு மனிதருக்கு அந்த நேரத்தில் அது எப்படி இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் ஸ்பூனால் டர்னிப் கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெதுவாக, கடைசித் துண்டு வரை தின்றார். தின்னும்போது கிருதாவில் கண்ணீர் இறங்கி நின்றது. அதை அவர் துடைக்கவில்லை.

இரண்டு கிண்ணமும் காலியாகச் சமையலறைக்கு வந்தன. ஹெப்ஸி நோயாளியின் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. ஹைரம் கோல்பி ஜென்மத்தில் டர்னிப் தின்றதில்லை. அது பன்றிக்குப் போடுவது என்பார். கோயில் விருந்தில் யாருக்கும் தெரியாமல் மேஜைக்கடியில் நாய்க்குத் தள்ளுவார். ஊரிலேயே இது தெரிந்தவள் ஹெப்ஸி. தெரிந்துதான் போட்டாளோ என்னவோ, அதை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அவள் கிண்ணத்தைக் கழுவினாள். துடைத்தாள். அலமாரியில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் அந்த வீட்டில் கேட்ட 'அப்பா' என்ற சொல்லையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருப்பாள்.

முன்வாசலுக்கு வந்தாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். வண்டியோரம் நின்ற கிம்பலும் பார்த்தான்.

"என்ன அத்தை, எப்படி இருக்காரு?"

ஹெப்ஸி டோல்மன் அன்றுவரை ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றதில்லை. அன்று நின்றாள்.

"பூராவும் சாப்டுட்டாரு" என்றாள். "கிண்ணத்தக் கழுவவே வேண்டியதில்ல."

ரயில் ஊதியது. கிம்பல் புகையிலையைத் துப்பினான். வண்டியில் ஏறி, குதிரையை ஒரு தட்டுத் தட்டி, எங்களில் யாரையும் பார்க்காமல் பாலத்துப் பக்கம் போனான்.

பிற்பகல் நீளமாகப் போனது. ஹெப்ஸி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். மாடிக்குப் போக எழுந்த ஒவ்வொருத்தியையும், "சத்தம் போடாதீங்கடி, தூங்குறாரு" என்று உட்கார வைத்தாள். லவீனா இன்னும் இருமுறை செங்கல் மாற்றினாள். மேலே ரட்டின் குரல் அவ்வப்போது கேட்டது. பழைய வழக்குகளைப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பன்றி வழக்கில் வேலி யாருடையது என்று இப்போதும் அவருக்குச் சந்தேகமில்லை. நடுநடுவே நிறுத்துவார். பதிலுக்கு இடம் விடுவதுபோல. பிறகு, "அத அப்பவே சொல்லியிருக்கணும்" என்பார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தந்தி ஆபீஸ்காரர் ஓடி வந்தார். வேலியைத் தாண்டும் முன்பே கத்தினார். மசோதா ஜெயித்துவிட்டது. ஒரே ஓட்டு.

வாசலில் யாரோ கை தட்டினார்கள். ஹெப்ஸி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

லவீனா மாடியில், கதவருகே நின்றே எல்லாவற்றையும் கேட்டாள். ரட் எழுந்தார். எழ இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. நாற்காலியில் கிடந்த தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு, லவீனா."

அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் வரப் பார்த்து, ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அமாசா மாமா" என்றாள். அதற்குமேல் முடியவில்லை.

அவர் தலையை ஆட்டினார். கோர்ட்டில் சாட்சி சொல்லி முடித்தவரை இறங்கச் சொல்லும் நீதிபதிபோல, மெதுவாக.

கடிகாரத்தை நிறுத்தியவள் ஹெப்ஸி. கண்ணாடிக்குத் துணி போட்டவளும் அவளே. கோயில்காரரிடம் ஆள் போனது. மணி அடித்தது. நாங்கள் வாசலில் தலை குனிந்து எண்ணிக்கொண்டு நின்றோம், தெரிந்த வயதுதான் என்றாலும்.

வெற்றிச் செய்தியைக் காதால் கேட்டு, மகளின் கையைப் பிடித்தபடி புன்னகையோடு கண்ணை மூடினார் என்று பத்திரிகையில் போட்டார்கள். கோர்ட்டில் வக்கீல்கள் கூடி இரங்கல் தீர்மானம் வாசித்தபோதும் அதையே சொன்னார்கள். ரட் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். எங்களில் சிலருக்கு விஷயம் பின்னால் தெரிந்தது, அதுவும் ஹெப்ஸி சொல்லி அல்ல. ஹெப்ஸியிடம் கேட்டால், "அன்னைக்கு எனக்குக் காது அடைச்சிருந்துது" என்பாள். வெட்கமே இல்லாமல் சொல்வாள். எஃபி அந்தக் கோடையில் திரும்பி வந்தாள். முதலில் கொஞ்ச நாள் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அது வேறு கதை.

அன்று மாலை பெண்கள் ஹைரமைக் கழுவி, கறுப்புக் கோட்டு போட்டுக் கிடத்தினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் வந்து சேர வேண்டும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். ஹெப்ஸி பனிக்கிடங்குக்குப் போய், மரத்தூள் தட்டிய பனிக்கட்டிகளை ஒரு தொட்டி நிறைய எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

சமையலறையில் லவீனா அடுப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு செங்கல் சூடாகி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அதை எடுத்துக் கம்பளித் துணியில் சுற்றினாள். மார்போடு அணைத்துக்கொண்டு, ஹெப்ஸியைத் தாண்டி, அறைக்குள் போனாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வெள்ளைத் துணியின் கால்பக்கத்தைத் தூக்கி, செங்கல்லை வைத்தாள்.

ஹெப்ஸி தொட்டியை அறைக்குள் கொண்டுபோகவில்லை. கதவுக்கு வெளியே தரையில் இறக்கிவிட்டு, மேல்படியில் உட்கார்ந்தாள். பனிக்கட்டி ஒன்றோடொன்று இடித்துச் சத்தமிட்டது. கையை வைத்து அதை அடக்கினாள்.

உள்ளே லவீனா கம்பளித் துணியின் ஓரத்தைப் பிடித்து, அந்தக் கால்விரல்களின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.